ஆர்.சி. வீட்டுப் பெண், சி.எஸ்.ஐ. வீட்டு மருமகள்

"டீச்சர், ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் ஒண்ணுதானே? ரெண்டு பேரும் இயேசுவைத்தானே கும்பிடுறீங்க?" வெளிமாவட்டத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வரும் ஆசிரியைகள் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. ஆமாம் என்றாலும் பொய் கிடையாது, இல்லை என்றாலும் பொய் கிடையாது. ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ. என்றால் தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபை. இடைவேளையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது கோட்டாறு சவேரியார் கோயில் பங்கில் (கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தைப் பங்கு என்போம்). வாழ்க்கைப்பட்டது மயிலாடிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பத்தில். கல்யாணத்துக்குப் பிறகு நானும் மாறவில்லை, அவரையும் மாறச் சொல்லவில்லை. ஞாயிறு காலை முதல் பூசைக்கு நான் என் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பிறகு வீட்டாரோடு அவர்கள் ஆராதனைக்கும் போவேன். அந்தச் சபையில் எனக்கென்று ஒரு பெஞ்சு இடமும் உண்டு, பாட்டுப் புத்தகமும் உண்டு. இரண்டு இடத்திலும் நான் விருந்தாளி இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். இத்தனை வகைக் கிறிஸ்தவர்கள் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழும் ஊர்கள் தமிழ்நாட்டில் வேறு எங்கும் குறைவு. கத்தோலிக்கரிலேயே இங்கே மூன்று மரபு: கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்கள் லத்தீன் மரபு, தக்கலை சீரோ மலபார், மார்த்தாண்டம் சீரோ மலங்கரா. மூன்று பேருக்கும் திருத்தந்தை ஒருவர்தான். ஆனால் பூசையின் அமைப்பு, பாட்டு, குருவின் உடை எல்லாம் வேறு வேறு. கத்தோலிக்கம் என்றாலே ரோமிலிருந்து வந்த ஒரே அச்சு என்று நினைப்பவர்கள் மார்த்தாண்டத்தில் ஒரு மலங்கரா குர்பானாவை, அதாவது அவர்கள் பூசையை, பார்க்க வேண்டும். இவர்கள் போக சி.எஸ்.ஐ., லுத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று இருக்கிறார்கள். இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமும் கிடையாது, அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்தும் கிடையாது. ஆனால் நாகர்கோவிலில் அவர்களுடைய கேத்தரின் பூத் மருத்துவமனையில் வைத்தியம் பார்க்காத பழைய குடும்பம் எந்தச் சபையிலும் இருக்காது.

என் கணவர் வீட்டுச் சபையின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூருக்குப் போய் அங்கே கோல்ஹாஃப் என்ற லுத்தரன் மிஷனரியிடம் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். 1806ல் ரிங்கல்தௌபே இங்கே வந்தார். அவர் பிரஷ்ய நாட்டு லுத்தரன் போதகர், அனுப்பியது லண்டன் மிஷன் என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கம். லண்டன் மிஷன் சபைகளுக்கு ஆயர் (பிஷப்) என்று ஒருவர் கிடையாது. சபை கூடித் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். அப்படி இருந்தவர்கள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். ஆயர்களை ஏற்பதா வேண்டாமா என்று பல வருடம் பேசித்தான் சேர்ந்தார்கள். ஆயர் உள்ள சபையும் ஆயரே இல்லாத சபையும் அப்படி ஒன்றானதை உலகமே திரும்பிப் பார்த்தது. பிரிந்து போவதுதான் புராட்டஸ்டன்ட்களின் வேலை என்று எங்கள் பக்கம் யாராவது சொன்னால் இந்தத் தேதியை நான் சொல்வேன்.

சரி, வித்தியாசத்துக்கு வருகிறேன். வெளியே இருப்பவர்கள் கண்ணில் படுவது மாதா சொரூபம், மெழுகுதிரி, செபமாலை, தேர். சண்டையும் அதைப் பற்றித்தான் நடக்கும். ஆனால் இவ்வளவு காலம் இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குத் தெரிவது இது: மாதாவும் சொரூபமும் வெளி வாசல்தான். உள்ளே இரண்டு முடிச்சு இருக்கிறது. எது விசுவாசம் என்று தீர்மானிப்பது யார்? பலிபீடத்தில் நடப்பது என்ன? மற்ற எல்லாமே இந்த இரண்டிலிருந்துதான் கிளைக்கின்றன.

கல்யாணமான புதிதில் மாமி என்னிடம் கேட்டார்: "மக்ளே, ரெண்டாம் கட்டளை என்ன சொல்லுது?" நான் சட்டென்று "கடவுளின் திருப்பெயரை வீணாகச் சொல்லாதே" என்றேன். மாமி முகத்தைப் பார்த்தால் நான் வேதமே படிக்காதவள் என்பது போல இருந்தது. அவர்கள் கணக்கில் இரண்டாம் கட்டளை விக்கிரகம் செய்யாதே என்பது. எங்கள் கணக்கில் அது முதல் கட்டளைக்குள்ளேயே அடங்கிவிடும். கடைசியில் பிறர் மனைவியை விரும்பாதே, பிறர் உடைமையை விரும்பாதே என்று இரண்டாகப் பிரித்துப் பத்தை நிரப்புவோம். யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் கட்டளைகளுக்கு எண் போட்டிருக்கவில்லை. எங்களது புனித அகுஸ்தீனார் வழி வந்த எண்ணிக்கை. லுத்தரன்களும் எங்களைப் போலத்தான் எண்ணுகிறார்கள், ஆகவே இதைக் கத்தோலிக்கர் மறைத்த சதி என்று சொல்ல வழியில்லை. இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மாமிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "சரி, எண்ணு எப்படியோ போகட்டும். சொரூபத்துக்கு முன்ன முழங்கால் போடுறது சரியா?" என்றார். கேள்வி நியாயமானது. நாங்கள் சொரூபத்தை ஆராதிப்பதில்லை, மாதாவை ஆராதிப்பதும் இல்லை, எங்களுக்காக மன்றாடச் சொல்லிக் கேட்கிறோம் என்றேன். இறந்தவர்களிடம் எதற்காகக் கேட்க வேண்டும் என்பதுதான் மாமியின் அடுத்த கேள்வி. அதற்குக் கீழே வருகிறேன்.

2022 மே 15 அன்று தேவசகாயம் பிள்ளை புனிதராக அறிவிக்கப்பட்டபோது இதே கேள்வி வீட்டில் மறுபடி வந்தது. நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தவர். எங்கள் கோட்டாறு கோயிலில்தான் அவர் கல்லறை. அன்றைக்கு என் அம்மை தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தார். மாமியும் கூட இருந்து முழுவதும் பார்த்தார். "விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த மனுசன்" என்று மரியாதையாகச் சொன்னார். ஆனால் அவரிடம் வேண்டிக்கொள்ள மாட்டார். தியாகியாக மதிப்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. பரலோகத்தில் இருப்பவர்களோடு பேச்சு வார்த்தை தொடர்கிறதா இல்லையா என்பதில்தான் பிரிகிறோம்.

இந்தப் பிரிவு எனக்கு உடம்பில் உறைத்தது மாமா இறந்தபோது. எங்கள் வழக்கப்படி ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நினைவு என்று இறந்தவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்போம். மாமா என்னை மகளாகப் பார்த்தவர். நான் வேலைக்குப் போகும் நாளில் மகளைத் தூக்கி வளர்த்தவர். அவருக்குப் பூசை கொடுக்காமல் எனக்கு மனம் அடங்கவில்லை. மாமியிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அவரு இயேசுவோட இருக்காரு மக்ளே. இன்னும் எதுக்கு அவருக்காக வேண்டணும்? நன்றிதான் சொல்லணும்" என்றார். சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். அதில் ஒருவர்கூட மாமாவின் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று கேட்கவில்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கைக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள், அவ்வளவுதான். அந்த உறுதியைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஆனாலும் எனக்கு வேண்டிக்கொள்ளத்தான் வந்தது. சிலுவையில் கிடைத்த மீட்பில் குறை இருக்கிறது என்று நினைத்து நாங்கள் வேண்டுவதில்லை. அன்பு வைத்தவர்களுக்காகக் கேட்பதை மரணம் நிறுத்திவிடக் கூடாது என்பதுதான்.

இதற்கான வேத ஆதாரம் எங்கே என்று கேட்டால் நான் 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தைக் காட்டுவேன். போரில் இறந்தவர்களின் பாவம் போக்கும் பலிக்காக யூதா மக்கபே பணம் திரட்டி எருசலேமுக்கு அனுப்புவார். ஆனால் அந்தப் புத்தகம் மாமியின் பைபிளில் கிடையாது! எங்கள் பைபிளில் 73 நூல்கள், அவர்களுடையதில் 66. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகிய ஏழும் பழைய ஏற்பாட்டில் கூடுதல். எஸ்தரிலும் தானியேலிலும் சில பகுதிகளும் கூடுதல். கிரேக்க மொழியில் இருந்த யூத வேதத் தொகுப்பில் இவை இருந்தன, எபிரேயத் தொகுப்பில் இல்லை. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் 1534ல் வெளியிட்ட பைபிளில் இவற்றைத் தூக்கி எறியவில்லை. வாசிக்க நல்லவை, மற்ற வேத நூல்களுக்குச் சமம் இல்லை என்று தனியாக வைத்தார். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் 1546ல் இவையும் வேதமே என்று உறுதிப்படுத்தியது. 1995ல் இரண்டு தரப்பும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியத்தில் இணைத் திருமுறை நூல்கள் என்ற பெயரில் இவை இருக்கின்றன. எங்கள் கோயில்களில் அதுதான் வாசிக்கப்படுகிறது. சி.எஸ்.ஐ. வீடுகளில் பெரும்பாலும் பழைய பரிசுத்த வேதாகமத்தை விட மனம் வரவில்லை. அந்த நடையில் மனப்பாடமான வசனங்களை வேறு நடையில் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

இங்கேதான் முதல் முடிச்சு. "பைபிள்ல எங்க இருக்கு?" என்பது என் கணவர் எப்போதும் கேட்கும் கேள்வி. மாதாவின் விண்ணேற்பை, அதாவது அவர் உடலோடு விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதை, திருத்தந்தை 12ஆம் பயஸ் 1950ல் விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததை நான் சொன்னபோதும் அதையேதான் கேட்டார். வேதம் மட்டுமே போதும் என்பது அவர் சபையின் அடித்தளம். எங்களுக்கு வேதமும், திருச்சபை தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து கைமாற்றிக் கொடுத்த மரபும் சேர்ந்ததுதான் விசுவாசம். அதைக் காப்பது ஆயர்கள், அவர்களுக்குத் தலைமை திருத்தந்தை. நான் அவரிடம் திருப்பிக் கேட்பேன்: பைபிளில் இன்னின்ன புத்தகங்கள் இருக்க வேண்டும் என்ற பட்டியல் பைபிளில் எங்கே இருக்கிறது? திருச்சபைதானே பிரித்து எடுத்துக் கொடுத்தது? அவர் சிரிப்பார். நான் ஜெயித்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தமில்லை. திருச்சபை தவறு செய்யும்போது அதைத் திருத்துவது எது என்று அவர் கேட்டால், பாவ மன்னிப்புச் சீட்டு விற்ற காலத்தை நினைத்து நானும் யோசிக்கத்தான் செய்கிறேன். 1517ல் லுத்தர் கேட்டதும் அதுதான்.

ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம் பார்த்து எனக்கு ஏக்கம் உண்டு. சி.எஸ்.ஐ. 1976 முதல் பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்கிறது. 2013ல் நந்தியாலில் எக்கோணி புஷ்பலலிதா பேராயர் (பிஷப்) ஆனார். 1994ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பெண்களைக் குருவாக்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்று எழுதிவிட்டார். எங்கள் பங்கில் மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பது, அன்பியம் (அக்கம்பக்கத்து வீட்டார் கூடும் ஜெபக் குழு) நடத்துவது, கோயில் துடைப்பது எல்லாம் பெண்கள்தான். நான் கீழ்ப்படிகிறேன். ஆனால் என் மகள் காரணம் கேட்கும்போது அவளுக்கு நிறைவான பதில் என்னால் கொடுக்க முடியவில்லை.

பெரிய வெள்ளியில் இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று அறியாமல் கொடுத்து வாங்கியிருப்பதைப் பார்க்கலாம். மாமிக்கு வருடத்திலேயே முக்கியமான ஆராதனை அன்றைக்கு மதியம் 12 முதல் 3 வரை நடக்கும் மும்மணி தியானம், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவார். இந்தத் தியானம் பெரு நாட்டு லிமா நகரில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குரு ஆரம்பித்தது. மாமியிடம் சொன்னபோது நம்பவே இல்லை. அதே மாதிரி மறுபக்கமும் உண்டு. பூசையில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோமே, அது எங்கள் பூசையில் மக்களுக்கு வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்பே, 1950ல் வந்த சி.எஸ்.ஐ. வழிபாட்டு முறை கேரளத்து சிரியன் மரபிலிருந்து அதை எடுத்துச் சபை முழுவதற்கும் கொடுத்துவிட்டது. குரு மக்களைப் பார்த்து நின்று திருவிருந்து நடத்துவதிலும் அவர்கள் முந்திக்கொண்டார்கள்.

ஞானஸ்நானத்தில் எங்களுக்குள் பிரச்சினையே கிடையாது. நாளைக்கு என் கணவர் கத்தோலிக்கர் ஆனாலும் மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் ஒருமுறை கொடுத்தது போதும். கணவரின் சித்தப்பா மகன் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து, குழந்தையில் பெற்றது செல்லாது என்று ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது என் அம்மையும் மாமியும் ஒரே குரலில் வருத்தப்பட்டார்கள். "அப்போ அன்னிக்கு ஐயர் கொடுத்தது என்ன?" என்று மாமி கேட்டது போலவே அம்மையும் கேட்டார். சபைப் போதகரைத்தான் இங்கே ஐயர் என்பார்கள். அந்தத் தம்பி இன்று குடியை விட்டு நல்லபடியாக இருக்கிறான், தினமும் அதிகாலையில் எழுந்து ஜெபிக்கிறான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இனி இரண்டாவது முடிச்சு. அப்பமும் திராட்சை ரசமும் உண்மையாகவே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது எங்கள் விசுவாசம். பூசை முடிந்த பிறகும், அந்த அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழைக்கு முன் விளக்கு எரிவதும், உள்ளே நுழையும்போது முழங்கால் மடக்குவதும் அதனால்தான். சீர்திருத்தக்காரர்களே இதில் ஒத்துப்போகவில்லை. 1529ல் மார்பர்க் நகரில் லுத்தரும் ஸ்விங்ளியும் நேருக்கு நேர் பேசினார்கள். கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்றார் லுத்தர், நினைவுகூரும் அடையாளம் என்றார் ஸ்விங்ளி, பிரிந்து போனார்கள். மாமியின் சபையில் திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு. முந்தின நாளே வீட்டில் சத்தம் குறைந்துவிடும். சண்டை போட்டவர்கள் பேசிச் சமாதானம் ஆக வேண்டும். அவ்வளவு பயபக்தியோடு போகிறவர்களைப் பார்த்து "வெறும் அடையாளம்தான்" என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆனால் நான் போவதில்லை. அவர்கள் மேசை திறந்திருக்கிறது, மற்ற சபையாரையும் அழைக்கிறார்கள். எங்கள் சட்டம் என்னைத் தடுக்கிறது. எங்கள் பூசையில் நன்மை (நற்கருணை) வாங்க என் கணவருக்கும் அனுமதி இல்லை. சாகும் தறுவாய் போன்ற நெருக்கடிக்கு மட்டும், அதுவும் சில நிபந்தனைகளோடு, விலக்கு உண்டு. இதில் போப்பை ஏற்பதா இல்லையா என்பது மட்டுமே காரணம் என்றால் ஆர்த்தடாக்ஸ் சபைகளையும் இப்படியே தள்ளி வைத்திருக்க வேண்டும். 1054ல் பிரிந்த அவர்களோடு ஒருவரை ஒருவர் விலக்கி இட்ட பழைய சாபத்தை 1965ல் இரு தரப்பும் நீக்கிக்கொண்டன. அவர்களுடைய நற்கருணையை ரோம் முழுமையாக ஏற்கிறது. சிரியன் ஆர்த்தடாக்ஸ் பிரிவினரான கேரளத்து யாக்கோபாயர்களின் தலைவரான அந்தியோக்கிய பிதாப்பிதாவோடு 1984ல் செய்த உடன்பாட்டின்படி, சொந்தக் குரு கிடைக்காத இடத்தில் ஒருவர் மற்றவரிடம் நற்கருணை வாங்கலாம். அப்போஸ்தலரிடமிருந்து கை வைத்துக் கை வைத்து அறுபடாமல் வந்த குருத்துவம் அங்கே இருக்கிறது என்று ரோம் ஏற்பதுதான் காரணம். ஆங்கிலிக்கன் குருத்துவத்தில் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1896ல் தீர்ப்புச் சொன்னார். சி.எஸ்.ஐ.க்கு ஆயர் வரிசை வந்தது ஆங்கிலிக்கன் வழியாகத்தான். மயிலாடிச் சபையில் மாமி முழங்கால்படியிட்டு வாங்குவதற்கும் நான் கோட்டாறில் வாங்குவதற்கும் நடுவில் நிற்பது இந்தத் தீர்ப்புதான்.

லுத்தர் எழுப்பிய மூலக் கேள்வியே, அதாவது மனிதன் விசுவாசத்தாலா செயலாலா நீதிமானாகிறான் என்பது, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் கூட்டாகக் கையெழுத்திட்டு அடிப்படையில் தீர்க்கப்பட்டது. கடவுளின் அருளால் மட்டுமே என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மெதடிஸ்ட்கள் 2006ல் சேர்ந்தார்கள். அவ்வளவு பெரிய சுவரில் வழி கிடைத்தபோது மேசைக்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. 2015 நவம்பரில் ரோமில் உள்ள லுத்தரன் ஆலயத்துக்குப் போன திருத்தந்தை பிரான்சிஸிடம் ஒரு பெண் என் கேள்வியையே கேட்டார். அவர் லுத்தரன், கணவர் கத்தோலிக்கர், சேர்ந்து நற்கருணை வாங்க முடியாத வருத்தத்தைச் சொன்னார். அனுமதி கொடுக்கும் துணிவு தனக்கு இல்லை என்றார் பிரான்சிஸ். ஒரே ஞானஸ்நானத்தை நினைவுபடுத்தி, ஆண்டவரோடு பேசி முன்னே போகச் சொன்னார். 2018ல் ஜெர்மன் ஆயர்கள் இப்படிப்பட்ட தம்பதிகளுக்குத் தனித்தனியாகப் பார்த்து வழி செய்யலாம் என்று ஒரு வழிகாட்டி தயாரித்தபோது அது பெரிய விவாதமாகிவிட்டது.

அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பதிலைப் பல முறை வாசித்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு நானாகவே முடிவெடுக்க எனக்கு விருப்பமில்லை. தனியாக முடிவெடுப்பது என் சபையின் வழி கிடையாது. கேட்பது என் சபையின் வழிதான். மகளுக்கு அடுத்த வருடம் உறுதிப்பூசுதல், ஞானஸ்நான விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு. அன்றைக்கு அவளைப் பெற்ற இருவரும் அவளோடு சேர்ந்து நன்மை வாங்க ஏதாவது வழி உண்டா என்று எங்கள் ஆயருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கணவரும் கையெழுத்துப் போடுகிறார். அவர் சபை ஐயரிடமும் காட்டினோம், இரண்டு இடத்தில் வார்த்தை திருத்திக் கொடுத்தார். எங்களைப் போல இரண்டு சபையில் ஒரு குடும்பமாக இருப்பவர்கள் உங்கள் பங்கில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். பதில் வந்ததும் நானும் எழுதுகிறேன்.